சுவிட்சுக்கு ஃபைல் ஏற்ற எது தோது: டிஎஃப்டிபியா, எஸ்சிபியா, பென்டிரைவா?

போன மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐடி வேலை பார்க்கும் தம்பி போன் செய்தார். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்து திருப்பூரில் 18 மேனேஜ்டு சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி, செட்டிங்கை நாமே மாற்றலாம்), பெருந்துறை சிப்காட்டில் இருக்கும் அவர்களுடைய டையிங் யூனிட்டில் இன்னும் 4. வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்டர் வந்து, ஃபர்ம்வேர் ஏன் இவ்வளவு பழசு, கான்ஃபிக் பேக்கப் எங்கே என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டுக்கும் இவரிடம் பதில் இல்லை. "ஏனுங்ணா, சுவிட்ச் வித்தவரு டிஎஃப்டிபியே போதுங்கறாரு, எங்கூடப் படிச்ச பையன் எஸ்சிபி இல்லாம தொடவே தொடாதேங்கறான், எங்க மேனேஜரு பென்டிரைவுல போட்டு ஒவ்வொண்ணா ஏத்திட்டு வாப்பாங்கறாரு. எதுங்ணா சரி?" என்றார். டிஎஃப்டிபி, எஸ்சிபி இரண்டுமே நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் முறைகள்.

மூன்று பேர் சொன்னதும் தப்பில்லை. ஒருவர் மனதில் இருப்பது கான்ஃபிக் ஃபைல் (சுவிட்சின் செட்டிங்), இன்னொருவர் மனதில் இருப்பது இமேஜ் ஃபைல் (ஃபர்ம்வேர், அதாவது சுவிட்சை ஓட்டும் மென்பொருள்), அது தெரியாமலே வாதம் நடக்கிறது, அவ்வளவுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டையும் ஒரே வழியில் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கான்ஃபிக் சின்னது, ஆனால் உள்ளே இருப்பது முழுக்க வீட்டுச் சாவி. இமேஜ் பெரியது, அதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, ஆனால் கொஞ்சம் பிசகினாலும் சுவிட்ச் பூட் ஆகாமல் உட்கார்ந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலும் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது: இமேஜை பயபக்தியோடு நாலு பேர் சுற்றி நின்று ஏற்றுவார்கள், கான்ஃபிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

கான்ஃபிக் ஃபைல் என்பது சில கேபி அளவுள்ள சாதா எழுத்துதான், நோட்பேடில் திறந்தால் படித்துவிடலாம். எந்த போர்ட் எந்த விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருக்கிறது, மேனேஜ்மென்ட் ஐபி என்ன, எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர் (கண்காணிப்பு மென்பொருளுக்கான பாஸ்வேர்டு மாதிரி) என்ன, உள்ளே நுழைய யூசர் யார் என்று எல்லாமே அதில் இருக்கும். பாஸ்வேர்டு மட்டும் குழப்பமான எழுத்தாகத் தெரிவதால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். சிஸ்கோவில் டைப் 7 என்று வருவதெல்லாம் பத்திரமே இல்லை, நொடியில் திருப்பிப் படித்துவிடலாம், அதற்கென்றே இணையத்தில் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. கூட ஒன்று: சில சுவிட்சுகளில் கான்ஃபிக்கை மட்டும் எடுத்துவைத்தால் போதாது. சிஸ்கோவில் விடிபி (விலான் பட்டியலை மற்ற சுவிட்சுகளுக்குப் பரப்பும் வசதி) சர்வர் மோடில் இருந்தால் விலான் பட்டியல் கான்ஃபிக்கில் இருக்காது, சுவிட்சின் உள்சேமிப்பான ஃப்ளாஷில் 'விலான் டாட் டேட்' என்று தனி ஃபைலாகக் கிடக்கும். எஸ்எஸ்ஹெச் (ஒட்டுக்கேட்க முடியாத இணைப்பில் தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் வழி) சாவியும் கான்ஃபிக் பேக்கப்பில் வராது. புது சுவிட்சில் பழைய கான்ஃபிக்கைப் போட்டுவிட்டு, போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று மண்டையைச் சொறிகிறவர்கள் முதலில் அந்த விலான் ஃபைலைப் பாருங்கள்.

சரி, டிஎஃப்டிபிக்கு வருவோம். 1981-இல் வந்த சாமான், இப்போதும் புழக்கத்தில் இருக்கும் வடிவம் 1992-இல் எழுதியது. யுடிபி 69 போர்ட் (இது கேபிள் செருகும் போர்ட் இல்லை, நெட்வொர்க் சேவையின் கதவு எண்). யூசர் பெயர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, சர்வரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் பார்க்கக்கூட வழி கிடையாது. ஃபைல் பெயர் தெரிந்தால் எடுக்கலாம் அல்லது போடலாம். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் பல சுவிட்சுகளில் பூட்லோடரே (ஓஎஸ்ஸை எழுப்பும் சின்ன மென்பொருள்) அதைப் பேசுகிறது, ஓஎஸ் செத்துக் கிடக்கும் சுவிட்சிலும் அது வேலை செய்யும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் லேப்டாப்பிலிருந்து எடுக்கவில்லை.

ஆனால் அது வேலை செய்யும் விதம் இருக்கிறதே. 512 பைட் அனுப்பும், வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்த 512. லாரியில் ஒரு பண்டலை ஏற்றிவிட்டு, ஆபீசுக்கு நடந்துபோய் சலானில் கையெழுத்து வாங்கி வந்துதான் அடுத்த பண்டலைத் தூக்குவேன் என்று ஒரு லோடுமேன் நின்றால் எப்படி இருக்கும், அதேதான். 30 எம்பி இமேஜ் என்றால் ஏறத்தாழ 61,000 தடவை நடக்க வேண்டும். ஒரே பில்டிங்கில் போய்வர ஒரு மில்லிசெகண்ட் என்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திருப்பூரிலிருந்து விபிஎன் வழியாகப் பெருந்துறைக்கு அனுப்பினால், போய்வர 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 20 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது டைம்-அவுட் ஆகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும். நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கினாலும் ஒரு பிரயோஜனமும் இருக்காது, நேரம் போவது லைனின் அகலத்தில் இல்லை, போய்வருவதில். பிளாக் அளவைக் கூட்டிக்கொள்ள 1995-இல் ஒரு வழி வந்தது, சுவிட்சும் சர்வரும் இரண்டுமே அதை ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: பிளாக் நம்பர் 65,535-க்கு மேல் எண்ணாது, அதை 512-ஆல் பெருக்கினால் 32 எம்பி. அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைத் திரும்ப ஆரம்பிக்கிற அளவுக்கு இரண்டு பக்கமும் புத்தி இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 32 எம்பியில் நின்றுவிடும். இப்போது வரும் இமேஜ் பல, நூறு எம்பியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது.

ஃபயர்வால் கதை தனி. கேட்பது 69-ஆம் போர்ட்டில், ஆனால் சர்வர் பதில் சொல்வது வேறு ஒரு போர்ட்டிலிருந்து. விண்டோஸ் லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வரான டிஎஃப்டிபிடி64 ஓடிக்கொண்டிருக்கும், பிங் போகும், சுவிட்ச் மட்டும் டைம்-அவுட் என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பத்தில் ஒன்பது தடவை அது விண்டோஸ் ஃபயர்வால்தான். லினக்ஸில் டிஎஃப்டிபிடி-ஹெச்பிஏ போட்டவர்களுக்கு வேறு தலைவலி: சுவிட்சிலிருந்து பேக்கப் அனுப்பும்போது அந்தப் பெயரில் ஒரு காலி ஃபைல் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும், யாரும் எழுதலாம் என்ற பர்மிஷனும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காது. புது ஃபைலை உருவாக்க அனுமதிக்கும் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதற்காக ஒரு நாள் முழுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018-இல் சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் (புது சுவிட்சைத் தானாக அமைப்பது) வசதி திறந்து கிடந்த சுவிட்சுகளை, அதாவது டிசிபி 4786 போர்ட் வெளியே தெரிந்தவற்றை, எங்கிருந்தோ பிடித்து ஆட்டிவைத்தார்கள். கான்ஃபிக்கை டிஎஃப்டிபி வழியாக வெளியே அனுப்பச் சொன்னால் சுவிட்ச் பேசாமல் அனுப்பிவிடும், ஒரு பாஸ்வேர்டும் கேட்காது. உங்களிடம் பழைய சிஸ்கோ இருந்தால் அதை நிறுத்தும் 'நோ விஸ்டாக்' கமாண்டைப் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஆகமொத்தம் டிஎஃப்டிபியின் விசித்திரம் என்னவென்றால், கான்ஃபிக்குக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும் ஆனால் ரகசியம் போய்விடும், இமேஜுக்கு ரகசியம் பிரச்சினை இல்லை ஆனால் வேகமும் நம்பிக்கையும் போதாது. மேஜையில் சுவிட்சை வைத்து, லேப்டாப்பிலிருந்து நேராக ஒரு பேட்ச் கார்டு போட்டு ஏற்றுவதற்கு மட்டும் அது சரி. அங்கே ஒட்டுக்கேட்க யாரும் இல்லை, போய்வர நேரமும் இல்லை.

எஃப்டிபியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதன் முதல் வடிவத்தை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச் மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். நம்மாள் என்று சந்தோஷப்படலாம். பெரிய ஃபைலை டிஎஃப்டிபியைவிட எவ்வளவோ நன்றாகக் கொண்டுபோகும், டிசிபி (ஒவ்வொன்றுக்கும் பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்து அனுப்பும் முறை) என்பதால் தூரத்துக்கும் தாங்கும். ஆனால் யூசரும் பாஸ்வேர்டும் அப்படியே திறந்த எழுத்தில் போகும். எஸ்சிபி தெரியாத பழைய சுவிட்சில் இமேஜ் மட்டும் ஏற்ற, அதற்கென்றே ஒரு தற்காலிக யூசர் வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாக இருந்தால் பரவாயில்லை.

எஸ்சிபி, எஸ்எஃப்டிபி இரண்டும் எஸ்எஸ்ஹெச்சின் மேல் ஓடுபவை, 22-ஆம் போர்ட். எஸ்எஸ்ஹெச் பிறந்த கதையே இதற்குப் பொருத்தமானது: 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள், அதற்குப் பதிலாகத்தான் டாட்டு யுலோனன் அதை எழுதினார். கான்ஃபிக்குக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும், யார் யாரிடம் போவது என்று. சுவிட்சே கிளையன்ட்டாக நின்று சர்வருக்கு அனுப்பலாம், ஆனால் அப்போது சர்வரின் பாஸ்வேர்டை 22 சுவிட்சுக்கும் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். அதைவிட ஒரே ஒரு பேக்கப் பெட்டி எல்லா சுவிட்சுக்கும் போய் எடுத்துவருவது மேல். சிஸ்கோ சுவிட்சின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ஸில் 'ஐபி எஸ்சிபி சர்வர் எனேபிள்' என்று ஒரே வரி, கூடவே அந்த யூசருக்கு பிரிவிலேஜ் 15 (முழு அதிகாரம்). கான்ஃபிக் பேக்கப் மட்டும் என்றால் ஆக்ஸிடைஸ்டு என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அது ஃபைலை அனுப்பவே செய்யாது, எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய் கான்ஃபிக்கைக் காட்டச் சொல்லி வருகிற எழுத்தை கிட் என்ற, மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் மென்பொருளில் சேர்த்துவைக்கும். யார் எந்த செவ்வாய்க்கிழமை எந்த போர்ட்டை மாற்றினார்கள் என்று அப்புறம் வரி வரியாகத் தெரியும். ஆடிட்டருக்குக் காட்ட இதைவிட அழகான பேப்பர் கிடையாது.

எஸ்சிபியில் எரிச்சல் இல்லையா என்றால், நிறைய உண்டு. லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சில், 2022 ஏப்ரலில் வந்த 9.0-இலிருந்து எஸ்சிபி என்று நாம் அடித்தாலும் உள்ளே அது எஸ்எஃப்டிபி பேசுகிறது. பல சுவிட்சுகளுக்குப் பழைய எஸ்சிபிதான் தெரியும், அதனால் நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் லேப்டாப்பை அப்டேட் செய்த மறுநாள் ஓடாது. கமாண்டில் மைனஸ் போட்டு பெரிய 'ஓ' ஒன்று சேர்த்தால் பழைய பேச்சுக்குத் திரும்பும். அதற்கு முந்தைய வருடம், 2021-இல் வந்த 8.8, பழைய எஸ்ஹெச்ஏ-1 ஆர்எஸ்ஏ டிஜிட்டல் கையெழுத்தை (சுவிட்ச் தன்னை யாரென்று நிரூபிப்பது) ஏற்க மறுத்துவிட்டது, பத்து வருட சுவிட்சுகள் பாதிக்கு மேல் 'ஹோஸ்ட் கீ பொருந்தவில்லை' என்று முகத்தில் கதவைச் சாத்தும். அந்தக் குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாகத் திறந்துவிட வேண்டாம். பழைய சுவிட்சின் சிபியு சின்னது, என்கிரிப்ஷன் போட்டுக்கொண்டு பெரிய இமேஜை வாங்கும்போது திணறும், டிஎஃப்டிபியைவிடவே மெதுவாகப் போனதைக்கூடப் பார்த்திருக்கிறேன். பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

சுவிட்சின் வெப் பக்கத்தில் போய் 'அப்லோடு' அமுக்குவது, நாலைந்து சின்ன ஸ்மார்ட் சுவிட்ச் வைத்திருக்கும் கடைக்கு நல்லது. ஹெச்டிடிபிஎஸ்ஸா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் லேப்டாப் தூங்கிவிட்டால், செஷன் முடிந்துவிட்டால், என்ன ஆனது என்று பிரவுசர் உருப்படியாகச் சொல்லாது. 22 சுவிட்சுக்கு இதைச் செய்ய உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி மேனேஜரின் பென்டிரைவ். நெட்வொர்க் ஆட்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள், எனக்கு அப்படி இல்லை. இமேஜுக்கு இது அருமையான வழி. லைன் மெதுவாக இருக்கும் இடத்துக்குப் பெரிய ஃபைலைக் கொண்டுபோக ஒரு வண்டியும் ஒரு பென்டிரைவும் போதும், ஊத்துக்குளி வழியாகப் போனால் திரும்பும்போது வெண்ணெயும் வாங்கி வரலாம். ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் எல்லாம் பெரும்பாலான சுவிட்சுக்குப் புரியாது. 32 ஜிபிக்கு மேல் வாங்கினால் விண்டோஸ் தானாக எக்ஸ்ஃபேட் போட்டுத் தரும், அதனால் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய 8 ஜிபிதான் இங்கே ராஜா. நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொந்தரவு, பஞ்சு. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சுவிட்ச் பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை, வேறு மூன்று மாற்றிப் பார்த்தேன், கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் யுஎஸ்பி போர்ட்டுக்குள் பஞ்சு அடைத்து ஒரு குட்டித் திரியே இருந்தது. ட்வீசரும் புளோயரும் எடுத்துப் போங்கள்.

ஆனால் அதே பென்டிரைவில் 22 கான்ஃபிக்கையும் போட்டுக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள். அது கம்பெனியின் மொத்த சாவிக்கொத்து. பேக்கிங் செக்ஷன் கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் காப்பி பண்ண அதே டிரைவைச் செருகுவதும் வேண்டாம், அங்கிருந்து என்னவெல்லாம் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

கன்சோல் கேபிளில் (சுவிட்சோடு நேராகப் பேசும் சீரியல் கேபிள்) எக்ஸ்மோடம் என்ற முறையில் அனுப்புவது ஒரு தேர்வே இல்லை, கடைசிக் கதி. வார்டு கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதியது. 9600 பாடில் நொடிக்கு 960 பைட், 20 எம்பிக்கு ஆறு மணி நேரம். பூட்லோடரில் வேகத்தை 115200-க்கு ஏற்றிக்கொண்டால் அரை மணி நேரம், அதை மறந்தவர்கள்தான் இரவெல்லாம் சர்வர் ரூமில் கொசுக்கடியில் கிடப்பது. நெட்வொர்க்கும் இல்லை, யுஎஸ்பியும் இல்லை, ஃப்ளாஷ் காலி என்றால் மட்டும்.

எந்த வழியில் போனாலும் நடுவில் கரன்ட் போனால் எல்லாம் ஒன்றுதான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் லைன் நின்றிருக்கிறதே, அன்றைக்கு வேலையை வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஜெனரேட்டரிலிருந்து ஈபிக்கு மாறும் அந்த நொடியை சுவிட்ச் தாங்குமா என்று யுபிஎஸ்ஸைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு இமேஜ் வைக்க இடமுள்ள சுவிட்ச் என்றால் பழையதை அழிக்காமல் இரண்டாவது இடத்தில் ஏற்றி, எம்டி5 அல்லது எஸ்ஹெச்ஏ கணக்கை (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) சுவிட்ச் கம்பெனி கொடுத்ததோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் பூட் வரியை மாற்றுங்கள். ஃபைல் முழுதாக வந்துவிட்டது என்று சுவிட்ச் சொன்னதை மட்டும் நம்பி ரீலோடு (ரீஸ்டார்ட்) அடிக்க வேண்டாம், அதுவும் டிஎஃப்டிபியில் வந்திருந்தால்.

கான்ஃபிக்கைத் திரும்ப ஏற்றும்போது வழியைவிடப் பெரிய பொறி வேறு ஒன்று. நான் விழுந்ததைச் சொல்கிறேன். அவிநாசி பக்கம் ஒரு மில், லூப் (இணைப்பு வட்டமாகச் சுற்றி நெட்வொர்க்கை முடக்குவது) ஒன்றைத் தேடுவதற்காகப் பத்து போர்ட்டை ஷட் செய்துவைத்தேன். கண்டுபிடித்ததும், ஒவ்வொன்றாகத் திறப்பானேன் என்று காலையில் எடுத்த பேக்கப்பை ரன்னிங்-கான்ஃபிக்கில் (அப்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்) காப்பி அடித்தேன். போர்ட் எதுவும் எழுந்திருக்கவில்லை. எடைபோடும் இடத்துக் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது, சூப்பர்வைசர் பின்னாலேயே நிற்கிறார், நான் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறேன். ரன்னிங்கில் காப்பி அடித்தால் பழையது போய்ப் புதியது வராது, இரண்டும் கலக்கும். போர்ட் திறந்திருப்பது இயல்புநிலை என்பதால் பேக்கப்பில் 'நோ ஷட்டவுன்' என்ற வரியே இருக்காது, ஆகவே ஷட் ஆனது ஷட் ஆனபடியே கிடக்கும். முழுக்க மாற்ற வேண்டுமானால் ஸ்டார்ட்-அப் கான்ஃபிக்கில் (பூட் ஆகும்போது சுவிட்ச் படிப்பது) போட்டு ரீலோடு செய்ய வேண்டும், அல்லது 'கான்ஃபிகர் ரீப்ளேஸ்' இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். தூரத்திலிருந்து செய்வதாக இருந்தால் முதலில் 'ரீலோடு இன் 10' அடித்துவிடுங்கள். உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் சுவிட்ச் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும், எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு சேமியுங்கள். ரத்து செய்ய மறப்பவர்களும் உண்டு.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். 22 சுவிட்சின் கான்ஃபிக்கும் முதலில், இன்றைக்கே, எஸ்எஸ்ஹெச் வழியாக, ஆபீசில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதற்குள். திருப்பூரின் 18 சுவிட்சுக்கு இமேஜ் எஸ்சிபியில், சனிக்கிழமை சம்பளம் போட்டு எல்லாரும் போன பிறகு ஏற்றி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், ரீலோடு ஞாயிறு காலையில். பெருந்துறைக்கு பென்டிரைவ், ஏனென்றால் டையிங் மெஷின் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், ரீலோடுக்கு அங்கே ஆள் நேரில் நின்றால்தான் நல்லது.

போய்ப் பார்த்தால் பெருந்துறையில் இருக்கும் நாலில் இரண்டுக்கு யுஎஸ்பி போர்ட்டே இல்லை. லேப்டாப்பில் நேராகக் கேபிள் போட்டு, ஃபயர்வாலை நிறுத்தி, டிஎஃப்டிபியில் ஏற்றினார், சுவிட்சுக்கு இரண்டு நிமிடம் ஆனதாம். மேனேஜர் பென்டிரைவ் ஐடியா தன்னுடையது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டாராம், அது உண்மையும்தான். திருப்பூர் பேக்கிங்கில் ஒரு சுவிட்ச் மட்டும் இன்னும் நிற்கிறது, எந்தப் புது லேப்டாப்பிலிருந்தும் எஸ்எஸ்ஹெச்சை ஒத்துக்கொள்ளாத அளவுக்குப் பழசு. அதன் கான்ஃபிக்கை கன்சோல் கேபிளில் திரையில் ஓடவிட்டு எழுத்தாகவே பிடித்து வைத்திருக்கிறார், தீபாவளி போனஸ் பட்ஜெட் முடிந்ததும் அதை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.